எதற்காக அனுப்பினீர்கள்?

2010 மார்ச் 7ஆம் தேதி நடந்த ஆஸ்கர் விழாவில் 'த ஹர்ட் லாக்கர்' சிறந்த படம் உட்பட ஆறு விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. ஐந்தே நாளில், 12ஆம் தேதி, 'கிரீன் சோன்' திரைக்கு வந்தது. இரண்டும் இராக் போரைப் பற்றியவை. இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, பேரி ஆக்ராய்ட். அதே தூசி, அதே வெயில், தோளில் ஏற்றிய அதே நடுங்கும் கேமரா. ஆனால் முதல் படத்தின் நாயகன் தெருவோரக் குண்டுகளைச் செயலிழக்கச் செய்பவன். இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்று அவன் கேட்டுக்கொள்வதில்லை. இரண்டாவது படத்தின் நாயகனுக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு வேலையே இல்லை. சுமார் ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த முதல் படம் சரித்திரத்தில் இடம்பிடித்தது. ஏறத்தாழ பத்துக் கோடி டாலரை விழுங்கிய இரண்டாவது படம், உலகம் முழுக்க ஓடியும் போட்ட முதலை எடுக்கவில்லை.

வசூலை வைத்துப் படத்தை எடைபோடக் கூடாதுதான். ஆனாலும் இந்த ஒப்பீடு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. சிப்பாய் படும் பாட்டைக் காட்டினால் பார்வையாளர் கூடவே வருகிறார். அவனை அனுப்பியவர் யார், என்ன சொல்லி அனுப்பினார் என்று கேட்கத் தொடங்கியதும் அரங்கில் நெளிவு தொடங்கிவிடுகிறது. சிப்பாய் கேள்வி கேட்கும் போர்ப்படங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கேள்வியைக் கேட்கிறான் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்தக் கட்டளை நியாயமா என்று கேட்கலாம். நான் செய்தது போரா, கொலையா என்று கேட்கலாம். இவ்விரண்டையும் சினிமா பலமுறை கேட்டுவிட்டது. இந்தப் போரே எதற்கு, எங்களிடம் சொன்ன காரணம் உண்மைதானா என்ற கேள்வியைத்தான் அது தொடத் தயங்குகிறது.

போர் எதிர்ப்புப் படங்களின் சிகரமாகச் சொல்லப்படும் 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யையே எடுத்துக்கொள்வோம். ஸ்டான்லி குப்ரிக் 1957இல் எடுத்தது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையின் ஜெனரல் ஒருவர், பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டு, பிடிக்கவே முடியாத ஒரு மேட்டைப் பிடிக்கச் சொல்லி ஆட்களை ஏவுகிறார். தாக்குதல் தோற்கிறது. கோழைத்தனம் என்று குற்றஞ்சாட்டி மூன்று சிப்பாய்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். கிர்க் டக்ளஸ் நடித்த கர்னல் மேலதிகாரிகளின் முகத்துக்கு நேரே சீறுகிறார். பிரான்சில் இந்தப் படம் 1975 வரை திரையிடப்படவில்லை என்பதிலிருந்தே அது எங்கே தைத்தது என்று தெரிகிறது. இருந்தும், பிரான்ஸ் அந்தப் போருக்கு ஏன் போனது என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. குற்றவாளிகள் ஜெனரல்கள், பாரிஸில் இருந்த அமைச்சர்கள் கதைக்குள் வருவதேயில்லை.

வியட்நாம் படங்கள் இன்னும் சாமர்த்தியமாக நழுவின. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள்மீது இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் சொல்லித்தான் அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்திடம் போருக்கான அதிகாரத்தைப் பெற்றார். அப்படியொரு தாக்குதல் நடக்கவே இல்லை. திரில்லர் படத்துக்கு இதைவிட நல்ல கரு வேண்டுமா? ஆனால் 'அபோகலிப்ஸ் நவ்' மனித மனத்தின் இருட்டைத் தேடி ஆற்றில் படகு விட்டது. 'பிளாட்டூன்', நாம் நமக்குள்ளேயே போரிட்டோம் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தது. அருமையான படங்கள்தான். ஆனால் அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கணக்கை ஆன்மாவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். நிஜச் சிப்பாய்கள் அப்படி எழுதவில்லை. 1971 ஜனவரி இறுதியில் டெட்ராய்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் கூடி, தாங்கள் கண்டதையும் செய்ததையும் பகிரங்கமாகச் சாட்சியம் சொன்னார்கள். அதை அப்படியே பதிவுசெய்த 'வின்டர் சோல்ஜர்' ஆவணப்படத்தை அன்று பெரும்பாலான அமெரிக்கத் திரையரங்குகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஹெலிகாப்டரும் டாங்கியும் வேண்டும் என்றால் பென்டகன் தரும். ஆனால் திரைக்கதையை முதலில் அவர்களுக்குக் காட்ட வேண்டும், பிடிக்காத இடங்களைத் திருத்த வேண்டும். 1968இல் ஜான் வெய்ன் எடுத்த 'த கிரீன் பெரேஸ்' படத்துக்கு ராணுவம் வாரி வழங்கியது. 'அபோகலிப்ஸ் நவ்' எடுத்த கொப்பலாவுக்குக் கை விரித்தது. அவர் பிலிப்பைன்ஸ் ராணுவத்திடம் ஹெலிகாப்டர் வாங்கிப் படம் எடுத்தார். இதைத் தணிக்கை என்று சட்டப்படி சொல்ல முடியாது. தணிக்கையை விட மலிவான ஏற்பாடு, அவ்வளவுதான்.

1999இல் வந்த 'த்ரீ கிங்ஸ்' இந்த வரிசையில் ஒரு உடைப்பு. 1991 மார்ச், வளைகுடாப் போர் முடிந்துவிட்டது. நான்கு அமெரிக்க வீரர்கள் குவைத்தின் தங்கத்தைத் திருடக் கிளம்புகிறார்கள். வழியில் சதாமுக்கு எதிராக எழுந்த மக்களைக் குடியரசுக் காவல்படை வேட்டையாடுவதைப் பார்க்கிறார்கள். கிளர்ந்தெழச் சொன்னவர் அவர்களுடைய அதிபர். அந்தப் பிப்ரவரியில்தான் மூத்த புஷ், இராக்கிய ராணுவமும் மக்களும் சதாமைத் தாங்களே அகற்ற வேண்டும் என்று அறைகூவல் விடுத்திருந்தார். அவர்கள் எழுந்தபோது அமெரிக்கப் படை வேடிக்கை பார்த்தது. பிடிபட்ட அமெரிக்க வீரனின் வாயில் ஓர் இராக்கிய அதிகாரி கச்சா எண்ணெயை ஊற்றுகிறான். நீங்கள் வந்தது இதற்குத்தானே என்ற கேள்வியை இதைவிடச் சுருக்கமாகப் படமாக்க முடியாது. தவிர, கேட்பவன் எதிரி. தன் பிள்ளையை அமெரிக்கக் குண்டுக்குப் பறிகொடுத்தவன். இயக்குநர் டேவிட் ஓ. ரஸ்ஸல் 2004இல், இராக்கிலிருந்து திரும்பிய வீரர்களின் பேட்டிகளோடு 'சோல்ஜர்ஸ் பே' என்ற ஆவணப்படத்தை எடுத்து, 'த்ரீ கிங்ஸ்' மறுவெளியீட்டோடு சேர்க்க நினைத்தார். தேர்தல் ஆண்டு, வார்னர் பிரதர்ஸ் பின்வாங்கிவிட்டது.

இனி 'கிரீன் சோன்'. பால் கிரீன்கிராஸ் சினிமாவுக்கு வருமுன் பிரிட்டனின் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' என்ற புலனாய்வுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பணியாற்றியவர். டெர்ரியில் 1972இல் பிரிட்டிஷ் பாராசூட் படை நடத்திய துப்பாக்கிச் சூட்டைப் பற்றி 'பிளடி சண்டே' எடுத்தவர். அதன்பின் மேட் டேமனை வைத்து ஜேசன் போர்ன் படங்கள் இரண்டை இயக்கிப் பெரும் வெற்றி கண்டார். போர்ன் படத்துக்கு வரும் கூட்டத்தை இராக் விவகாரத்துக்குள் அழைத்துவர முடியுமா என்பது அவருடைய பந்தயம். சுவரொட்டியைப் பார்த்தவர்கள் இன்னொரு போர்ன் படம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

2003 வசந்தம், பாக்தாத் விழுந்த புதிது. தலைமை வாரண்ட் அதிகாரி ராய் மில்லரின் குழு பேரழிவு ஆயுதங்களைத் தேடுகிறது. உளவுத்துறை கொடுத்த முகவரிக்குப் போகிறார்கள். அந்தக் கிடங்குக்குக் காவலே இல்லை. கொள்ளையடிக்க வந்த ஜனங்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். ஒளிந்திருந்து சுடுபவனை வீழ்த்தி உள்ளே போனால் ஒன்றுமில்லை. தொடர்ந்து மூன்றாவது முறை ஏமாற்றம். அடுத்த கூட்டத்தில் மில்லர் எழுந்து, இந்தத் தகவலை எங்களுக்குத் தருவது யார் என்று கேட்கிறான். உன் வேலையைப் பார் என்று மேலதிகாரி உட்கார வைக்கிறார்.

இந்தப் படத்தின் உண்மையான கண்டுபிடிப்பு இந்த இடம்தான் என்பேன். மில்லர் மனசாட்சி உறுத்திக் கேள்வி கேட்பவன் அல்லன். அரசியலும் பேசுவதில்லை. அவன் கேட்பது தொழில் சார்ந்த கேள்வி: முகவரி தவறாக இருக்கிறது, ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், தகவலைச் சரிபார்த்தவர் யார்? போரின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலையாக விதிக்கப்பட்ட ஒரு சிப்பாயை மையத்தில் வைத்ததால், மற்ற படங்களால் எட்ட முடியாத மூன்றாவது கேள்வி இங்கே தானாக, இயல்பாக எழுகிறது. பொருள் இல்லை என்று கணக்கு எழுத வேண்டியவன், இருப்பதாகச் சொன்னவன் யார் என்று கேட்காமல் எப்படிக் கணக்கை முடிப்பான்?

தேடிக்கொண்டு போகிறான். பென்டகன் அதிகாரி பவுண்ட்ஸ்டோன் (கிரெக் கின்னியர்), 'மெகல்லன்' என்ற மறைபெயர் கொண்ட ஓர் இராக்கியர் ஆயுதங்கள் இருப்பதை உறுதிசெய்ததாக வாஷிங்டனை நம்பவைத்தவர். மெகல்லன் யாரென்றால், ஜெனரல் அல்ராவி. போருக்கு முன்பு ஜோர்டானில் பவுண்ட்ஸ்டோனைச் சந்தித்தவர். அங்கே அல்ராவி சொன்னது நேர் எதிரானது: ஆயுதத் திட்டம் எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. பொய் சொன்னது அமெரிக்க அதிகாரி. அதை மறைக்க அல்ராவியை ஆளை வைத்துக் கொல்லவும் பார்க்கிறார்.

'இம்பீரியல் லைஃப் இன் த எமரால்டு சிட்டி' என்ற நூல் படத்துக்கு உந்துதல் என்று பெயர்ப்பட்டியல் சொல்கிறது. 'வாஷிங்டன் போஸ்ட்' பாக்தாத் அலுவலகத் தலைவராக இருந்த ராஜீவ் சந்திரசேகரன் 2006இல் எழுதியது. அடுத்த ஆண்டு சாமுவேல் ஜான்சன் பரிசு பெற்றது. அதில் மெகல்லனும் இல்லை, துரத்தலும் இல்லை. சதாமின் குடியரசு மாளிகையைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே நீச்சல் குளமும் ஹாம்பர்கருமாக ஒரு குட்டி அமெரிக்காவை நடத்தியவர்களின் கதை அது. பாக்தாத் பங்குச் சந்தையைச் சீரமைக்கும் பொறுப்பு அனுபவமே இல்லாத 24 வயது இளைஞரிடம் கொடுக்கப்பட்டதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. திரைக்கதை எழுதிய பிரையன் ஹெல்கெலண்ட் அந்தப் புத்தகத்திலிருந்து நீச்சல் குளத்தை எடுத்துக்கொண்டார், அசட்டுத்தனத்தை விட்டுவிட்டார். அது பெரிய இழப்பு. இராக்கில் நடந்த சீரழிவில் சதிக்கு இருந்த பங்கை விட அறியாமைக்கும் அகந்தைக்கும் இருந்த பங்கு கூடுதல்.

நிஜத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2003 பிப்ரவரி 5ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல், நடமாடும் உயிரியல் ஆயுதக்கூடங்களின் வரைபடங்களைக் காட்டினார். அதற்கு முதன்மை ஆதாரம் 'கர்வ்பால்' என்ற மறைபெயர் கொண்ட ஓர் இராக்கிய அகதி. ஜெர்மன் உளவுத்துறையிடம் கதை அளந்தவர். போருக்கு முன் அமெரிக்க உளவுத்துறை அவரை நேரில் விசாரிக்கவில்லை. சொன்னது பொய் என்று 2011இல் அவரே ஒப்புக்கொண்டார். அதாவது, நிஜத்தில் ஓர் இராக்கியர் பொய் சொன்னார்; அதை நம்ப வாஷிங்டன் துடித்துக்கொண்டிருந்தது. படத்தில் இராக்கியர் உண்மை சொல்கிறார். வாஷிங்டன்காரர் அதைத் திரிக்கிறார். இந்தத் தலைகீழ் மாற்றம் கதைக்கு வசதி. ஒரு குற்றவாளி கிடைக்கிறான். ஆனால் நம்புவதற்குத் தயாராக இருந்த ஆயிரம் பேர் திரையிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

மெகல்லனுக்கு நெருக்கமான நிஜ ஆள் ஒருவர் உண்டு: சதாமின் மருமகன் ஹுசைன் கமல். ஆயுதத் திட்டங்களுக்கே பொறுப்பாளராக இருந்தவர். 1995 ஆகஸ்டில் ஜோர்டானுக்குத் தப்பியோடி, ஐ.நா. ஆய்வாளர்களிடம் நிறையச் சொன்னார். கள்ளத்தனமாகச் செய்த திட்டங்களையும் சொன்னார், ஆயுதங்கள் அழிக்கப்பட்டுவிட்டதையும் சொன்னார். 2002இல் துணை அதிபர் செனி, அடுத்த ஆண்டு பாவெல் இருவரும் அவரை மேற்கோள் காட்டினார்கள், முதல் பாதியை மட்டும். கமல் மறுப்புச் சொல்ல வழியில்லை. 1996இல் இராக் திரும்பியவுடனேயே கொல்லப்பட்டிருந்தார். வசனமே தேவையில்லாத காட்சி இது. படத்தில் இல்லை.

பவுண்ட்ஸ்டோன் என்ற ஒரு வில்லனை வைத்ததால் தப்பிப்பவர்கள் பட்டியல் நீளமானது. 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரம் கொடுத்து வாக்களித்த செனட்டர்கள் 77 பேர், எதிர்த்தவர்கள் 23. 2002 ஜூலை 23ஆம் தேதியிட்ட லண்டன் பிரதமர் அலுவலகக் குறிப்பு ஒன்று, அமெரிக்கா போர் என்று முடிவுசெய்துவிட்டது, தகவல்கள் அந்த முடிவுக்கு ஏற்ப அடுக்கப்படுகின்றன என்று பிரிட்டிஷ் உளவுத் தலைவர் தெரிவித்ததைப் பதிவுசெய்திருக்கிறது. அது ஒரு ஆளின் பொய்யைப் பற்றிய குறிப்பு இல்லை. அலுவலகம் அலுவலகமாக ஒப்புதல் வாங்கிய காரியத்தைப் பற்றியது. பத்திரிகைகளும் அதில் உண்டு. 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஜூடித் மில்லர் இதே தேடுதல் குழு ஒன்றோடு பயணம் செய்து எழுதியவர். போருக்கு முந்தைய தன் செய்திகள் சில போதிய கண்டிப்போடு சரிபார்க்கப்படவில்லை என்று அந்தப் பத்திரிகையே 2004 மே 26ஆம் தேதி குறிப்பு வெளியிட்டது. படத்தில் வரும் நிருபர் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்'காரர். ஏன் இந்த இடமாற்றமோ! சந்தேகத்தை உரக்கச் சொன்ன நிருபர்களும் இருந்தார்கள். நைட் ரிட்டர் செய்தி நிறுவனத்தின் ஜோனதன் லேண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் இருவரும் 2002லேயே எழுதினார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. ஆக, திரில்லருக்கு வேண்டிய ரகசியமே இந்தப் போரில் கிடையாது. பாதி உண்மை அன்றே அச்சில் இருந்தது. மீதியை, ஆயுதத் தேடலுக்குத் தலைமை வகித்த டேவிட் கே 2004 ஜனவரியில் செனட் குழுவிடம் சொல்லிவிட்டார். 2010இல் மூச்சிரைக்க ஓடி ராய் மில்லர் கண்டுபிடிப்பது, அரங்கில் பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஆறு ஆண்டாகத் தெரிந்த சேதி.

படத்துக்கு ராணுவ ஆலோசகராக இருந்தவர் இத்தகைய தேடுதல் குழு ஒன்றை நிஜமாகவே வழிநடத்திய வாரண்ட் அதிகாரி. படம் வந்ததும், அதன் அரசியல் முடிவோடு தமக்கு உடன்பாடில்லை என்று அவரே வெளிப்படையாக எழுதினார். இதை வைத்துப் படத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது படத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. ஆயுதம் இல்லை என்று கண்ணால் கண்டவரும் அரசின் உள்நோக்கம் பற்றி வேறு முடிவுக்கு வரலாம் என்பது, கதாநாயகனைவிடச் சிக்கலான மனிதரைக் காட்டுகிறது.

மில்லர் கடைசியில் தன் அறிக்கையைப் பெரிய பத்திரிகைகள் அனைத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வண்டியேறிப் போகிறான். படம் முடிகிறது. நியாயமாக அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க வீரர் ஒருவர் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் படம் வெளியான ஒரு மாதத்துக்குள் பதில் வரத் தொடங்கியது. 2010 ஏப்ரல் 5ஆம் தேதி, 2007இல் பாக்தாத்தில் அபாச்சி ஹெலிகாப்டர் நடத்திய துப்பாக்கிச் சூட்டின் காணொளியை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. இறந்தவர்களில் ராய்ட்டர்ஸ் ஊழியர்கள் இருவர் உண்டு. கசியவிட்ட செல்சி மேனிங் என்ற ராணுவ உளவுப் பகுப்பாய்வாளர் மே மாதம் கைதானார். 35 ஆண்டு சிறைத் தண்டனை. ஒபாமா குறைத்ததால் 2017இல் வெளியே வந்தார்.

மேனிங் கேட்டது பெரும்பாலும் இரண்டாவது கேள்வி. மூன்றாவதை நேராகக் கேட்டவர் லெப்டினன்ட் எஹ்ரென் வாடாடா. போரின் காரணங்களைப் படித்துப் பார்த்து, இது சட்டவிரோதம் என்ற முடிவுக்கு வந்து, 2006 ஜூனில் இராக் போக மறுத்தார். ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புங்கள், போகிறேன் என்றார். இதுதான் சட்டத்துக்குப் புரியாத விஷயம். எல்லாப் போரையும் எதிர்ப்பவருக்கு அமெரிக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் எதிர்ப்பவருக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே தீர்ப்பளித்துவிட்டது. வாடாடாவின் ராணுவ நீதிமன்றத்தில், போர் சட்டபூர்வமானதா என்ற வாதத்தையே எழுப்பக்கூடாது என்று நீதிபதி விலக்கிவிட்டார். விசாரணை 2007இல் தொழில்நுட்பக் காரணத்தால் முறிந்தது. 2009இல் அவரை ராணுவத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். சிப்பாய் ஒரு கட்டளையைக் கேள்வி கேட்கலாம், சட்டவிரோதமானதை மறுக்க வேண்டியதும் கடமை. போரைக் கேள்வி கேட்க அவனுக்கு மன்றமே கிடையாது. காரணத்தைக் கேள்வி கேட்ட மற்ற படங்களில் சிப்பாய்கள் இல்லாமல் போனது இதனால்தான் போலும். 'ஃபேர் கேம்' (2010) ஒரு சிஐஏ அதிகாரியையும் முன்னாள் தூதரான அவர் கணவரையும் பற்றியது. 'அஃபிஷியல் சீக்ரெட்ஸ்' (2019) பிரிட்டிஷ் உளவு அமைப்பின் மொழிபெயர்ப்பாளர் கேத்தரின் கன் பற்றியது. 'ஷாக் அண்ட் ஆவ்' (2017) நைட் ரிட்டர் நிருபர்களைப் பற்றியது. எல்லோரும் மேசைக்காரர்கள்.

ஊர் திரும்பிய சிப்பாய்களைப் பற்றி வந்த 'இன் த வேலி ஆஃப் ஈலா', 'ஸ்டாப்-லாஸ்' இரண்டும் நல்ல படங்கள், இரண்டும் ஓடவில்லை. பிறகு 2014இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' வந்தது. 'கிரீன் சோன்' அமெரிக்காவில் ஈட்டியது சுமார் மூன்றரைக் கோடி டாலர். ஈஸ்ட்வுட் படம் அதைப்போல் பத்து மடங்கு.

சிப்பாய்கள் நிஜமாக என்ன நினைத்தார்கள்? 2006 தொடக்கத்தில் ஸாக்பி நிறுவனம் லெமாய்ன் கல்லூரியோடு சேர்ந்து இராக்கில் இருந்த 944 அமெரிக்கப் படையினரிடம் கருத்துக் கேட்டது. ஓர் ஆண்டுக்குள் வெளியேற வேண்டும் என்றவர்கள் 72 விழுக்காடு. பேரழிவு ஆயுதங்களை அகற்றுவது தாங்கள் அங்கே இருப்பதற்குக் காரணம் இல்லை என்று அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். ஆக, முதல் காரணத்தை அவர்கள் நம்பவில்லை. பின் எதற்காக வந்தோம் என்றால், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்கு இருந்த பங்குக்குப் பழிவாங்க என்று 85 விழுக்காட்டினர் பதில் சொன்னார்கள். சதாமுக்கு அதில் பங்கே இல்லை. ஒரு பொய் உதிர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்திருந்தது. போகவும் வேண்டும், வந்ததற்கு ஒரு காரணமும் வேண்டும் என்ற இந்த மனநிலையை எந்தப் படமும் தொடவில்லை. மில்லரைப் போலக் கண்விழித்த நாயகர்களை எழுதுவது சுலபம்.

'கிரீன் சோன்' தன்னையறியாமல் ஓர் இடத்தில் இதையெல்லாம் தாண்டிப் போகிறது. மில்லருக்கு மொழிபெயர்ப்பாளனாக ஒட்டிக்கொள்ளும் ஃப்ரெடி என்ற பாத்திரத்தில் காலித் அப்தல்லா நடித்திருக்கிறார். கிரீன்கிராஸின் 'யுனைட்டட் 93' படத்தில் விமானத்தைக் கடத்துபவராக வந்தவர். ஃப்ரெடிக்கு ஒரு கால் செயற்கைக் கால். சொந்தக் காலை 1987இல் ஈரான் போரில் இழந்தவன். அதாவது அவனும் ஒரு முன்னாள் சிப்பாய். சதாம் 1980இல் தொடங்கி எட்டு ஆண்டு இழுத்த போருக்குக் காரணம் சொல்லி அனுப்பப்பட்டவன். மில்லர் அல்ராவியை உயிரோடு பிடித்துச் சாட்சி சொல்லவைக்கப் பார்க்கும்போது, ஃப்ரெடி ஜெனரலைச் சுட்டுவிடுகிறான். இங்கே என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் நீங்கள் அல்லர் என்கிறான் மில்லரிடம். மில்லரின் விசாரணை அந்த நொடியில் முறிகிறது. அமெரிக்கப் பொய்க்கு அல்ராவி சாட்சி. ஃப்ரெடிக்கோ அவர் சாட்சியே அல்லர், குற்றவாளி.

2003 மே 23ஆம் தேதி, இராக்கில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்த பால் பிரெமர் கையெழுத்திட்ட இரண்டாம் ஆணை இராக் ராணுவத்தைக் கலைத்தது. லட்சக்கணக்கான படையினர் ஒரே நாளில் வேலையும் சம்பளமும் இழந்தார்கள். படத்தில் இது தொலைக்காட்சி அறிவிப்பாக வந்துபோகிறது. அல்ராவி சமரசத்துக்குக் காத்திருந்தது வீண் என்று காட்ட மட்டும் பயன்படுகிறது. அந்த லட்சக்கணக்கானவர்களில் 1991இல் குவைத்திலிருந்து தோற்று ஓடிவந்தவர்கள் இருந்தார்கள். பாஸ்ராவில் அந்த ஆண்டு சதாமுக்கு எதிரான எழுச்சி தொடங்கியதே, பின்வாங்கி வந்த ஒரு டாங்கி வீரர் சதாமின் உருவப்படத்தை நோக்கிச் சுட்டதிலிருந்துதான் என்று பல பதிவுகள் சொல்கின்றன. அரசாங்கத்தின் நோக்கத்தைக் கேள்வி கேட்ட சிப்பாய் என்று இராக்கில் தேடினால் முதலில் அகப்படுபவர் அவர். ஹாலிவுட் இதுவரை எடுத்த இராக் படங்களில் அவர் இருக்கும் இடம் 'த்ரீ கிங்ஸ்' கதையின் பின்னணி ஓரம். ஃப்ரெடியின் தலைமுறை ஈரானுக்கு, குவைத்துக்கு, பின் அமெரிக்கக் குண்டுகளுக்கு முன் என்று மூன்று முறை அனுப்பப்பட்டது. மூன்று முறையும் வேறு வேறு காரணம் சொல்லப்பட்டது.